முதல் 200 கி.மீ. பி.ஆர்.எம்.: மிதிக்கிற நேரமும் நிற்கிற நேரமும்

சைக்கிளில் 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் அளவு இது. கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கீழே வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற வேகம்தானே என்று சிரித்துக்கொண்டே பெயர் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் 150-ஆவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுவதும் உண்டு. கால் ஓய்ந்து நின்றவர்கள் அதில் குறைவு. நேரம் எங்கே போனது என்றே தெரியாமல் தொலைத்தவர்கள், வயிறு கைவிட்டவர்கள், சீட்டில் உட்கார முடியாமல் போனவர்கள்தான் அதிகம். மூன்றையும் முன்கூட்டியே ஓரளவு சரிபண்ணிவிடலாம்.

பி.ஆர்.எம். (பிரவே தெ ராண்டோனியர் மோந்தியோ) பந்தயம் இல்லை. 1904-இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பின் விதிகளின்படி உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டோனியர்ஸ் வழியாக ஊர் ஊராக உள்ள கிளப்புகள் நடத்துகின்றன. பெயரின் முதல் சொல்லான 'பிரவே' என்றால் பிரெஞ்சில் சான்றிதழ், அவ்வளவுதான். முதலாவதாக வந்தவர், கடைசியாக வந்தவர் என்ற பட்டியல் கிடையாது. ஏழு மணி நேரத்தில் முடித்தவருக்கும் 13 மணி 25 நிமிடத்தில் முடித்தவருக்கும் கிடைப்பது ஒரே அங்கீகாரம். இதை வாயால் ஒப்புக்கொள்வது சுலபம். காலை ஆறு மணிக்கு எல்லாரும் சேர்ந்து கிளம்பும்போது முன்னால் போகிற கூட்டத்தின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 30-இல் பறப்பவர்களைப் பார்த்தால், மனசு ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரியும்.

விதிகளில் முதல் முறை வருபவருக்குத் தெரியவேண்டியவை கொஞ்சம்தான். கையில் ஒரு பிரவே கார்டு தருவார்கள். வழியில் நீங்கள் வந்ததைப் பதிவுசெய்ய கன்ட்ரோல் என்று சில இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் திறக்கிற நேரம், மூடுகிற நேரம் உண்டு. திறப்பு மணிக்கு 34 கிலோமீட்டர் கணக்கில், மூடல் மணிக்கு 15 கணக்கில். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 100-ஆவது கிலோமீட்டர் கன்ட்ரோல் 8.56-க்குத் திறந்து 12.40-க்கு மூடும். 150-ஆவது மாலை 4 மணிக்கு மூடும். முடிவு இரவு 7.30. பாதை 200-க்குப் பதில் 204 ஆக இருந்தாலும் அதே 7.30-தான்; கூடுதல் நான்கு கிலோமீட்டருக்குத் தனி நேரம் இல்லை.

இன்னொரு விதியில்தான் பலர் தெரியாமல் மாட்டுகிறார்கள். பின்னாலேயே கார் வரக்கூடாது. அண்ணன் பைக்கில் கூடவே வந்து தண்ணீர் கொடுப்பது, மனைவி காரில் வந்து 70-ஆவது கிலோமீட்டரில் சாப்பாடு கொடுப்பது எல்லாம் தகுதி இழக்கச் செய்யும். வீட்டு ஆட்கள் உதவவேண்டும் என்றால் கன்ட்ரோலில் மட்டும். ஆனால் வழியிலுள்ள கடையில் யாரும் எதுவும் வாங்கலாம். அதே பிரவேயில் ஓட்டுகிற இன்னொருவரிடம் டியூப் கேட்கலாம், பம்ப் கேட்கலாம். வெட்கப்படாதீர்கள். அந்தக் கூட்டத்தின் வழக்கமே அதுதான்.

இப்போது அந்தப் பதின்மூன்றரை மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று பார்ப்போம். ஓடும்போது சராசரி 20 வைத்துக்கொள்கிற ஒருவருக்கு மிதிக்கிற நேரம் சரியாகப் பத்து மணி. மீதி மூன்றரை மணி கையில் இருக்கிறதே என்று தோன்றும். மூன்று கன்ட்ரோல், ஒவ்வொன்றிலும் 40 நிமிடம் என்றால் இரண்டு மணி போய்விட்டது. இடையில் நான்கு டீ, ஒவ்வொன்றும் கால் மணி, இன்னொரு மணி. ஒரு பஞ்சர் 25 நிமிடம். கடலைப் பார்த்து ஒரு படம், டோலில் ஒரு படம், ரெயின்கோட்டைப் போட்டுக் கழற்றியது என்று ஒரு 15 நிமிடம். கூட்டினால் 3 மணி 40 நிமிடம். ஆள் 7.40-க்கு வந்து சேருகிறார். பத்து நிமிடம் தாமதம், கார்டு செல்லாது. அவர் எங்கேயும் மெதுவாக ஓட்டவில்லை. எங்கே நேரம் விட்டார் என்று கேட்டால் காற்றைச் சொல்வார்.

இதைச் சரிசெய்ய வேகத்தைக் கூட்டவேண்டியதில்லை. மிதிக்கிற வேகத்தை 20-இலிருந்து 22 ஆக்கினால் சுமார் 55 நிமிடம் மிச்சம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கன்ட்ரோலில் 40 நிமிடத்தை 20 ஆக்கினால் ஒரு மணி நேரம் மிச்சம், அதற்குப் பயிற்சியே வேண்டாம். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கார்டு. பிறகு பாட்டில் நிரப்புவது. பிறகு கழிப்பறை. சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் கை கழுவப் போகவேண்டும். கை கழுவிவிட்டு வந்து ஆர்டர் கொடுத்தால் பத்து நிமிடம் போச்சு. ஒரு வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அதை ஓடிக்கொண்டே சாப்பிடலாம். போனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். வாட்ஸப் குழுவில் 'வாழ்த்துகள்' சொன்ன எல்லாருக்கும் பதில் போட்டுக்கொண்டே நேரத்தை விட்டவர்கள் ஏராளம்.

சில கன்ட்ரோலில் ஆள் இருக்கமாட்டார். அங்கே போய் வந்ததற்கு நீங்களே சாட்சி கொண்டுவரவேண்டும்: இடமும் நேரமும் அச்சான ஒரு கடை பில், ஏ.டி.எம். சீட்டு, அல்லது அங்குள்ள பலகையைப் பற்றிய ஒரு கேள்விக்குக் கார்டில் எழுதிய பதில். எது செல்லும் என்று நடத்துபவர்கள் கிளம்புமுன் சொல்வார்கள், காது கொடுத்துக் கேளுங்கள். ஏ.டி.எம்.-ஐ மட்டும் நம்பிப் போனால் பேப்பர் தீர்ந்த மெஷினாகத்தான் இருக்கும். பெட்ரோல் பங்க்கிலோ மளிகைக் கடையிலோ பத்து ரூபாய்க்கு ஏதாவது வாங்கி அச்சடித்த பில் கேளுங்கள். கார்டையும் பில்லையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவருக்குள் வையுங்கள். ஜெர்சியின் பின்பாக்கெட்டில் வெறுமனே வைத்தால் நான்கு மணி நேர வியர்வையில் கார்டு ஊறிக் கூழாகும், பில் எழுத்து மறையும்.

பாதை எப்படிப்பட்டது என்று முன்பே பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. சென்னைக்காரர்களுக்குப் பழகிய கிழக்குக் கடற்கரைச் சாலையை வைத்தே சொல்கிறோம். திருவான்மியூர் பக்கத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கல்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆலம்பரைக் கோட்டை இருக்கிற கடப்பாக்கம் ஏறக்குறைய நூறு. அதற்கும் தெற்கே மரக்காணத்து உப்பளங்கள். கடப்பாக்கம் வரை போய்த் திரும்பினால் 200. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடில்லாத பாதையில் முதல் 200-ஐ முடித்துவிடலாம் என்று நினைப்பது சரிதான். ஆனால் கடற்கரையில் மேட்டுக்குப் பதில் காற்று இருக்கிறது. மேட்டுக்கு இறக்கம் உண்டு, காற்றுக்குக் கிடையாது.

காற்றின் கணக்கு பருவத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர், ஜனவரியில் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும், வேகம் 26, 27 என்று காட்டும், நம் கால் இன்று நன்றாக இருக்கிறது என்று தோன்றும். திரும்பி வடக்கே முகத்தை வைத்ததும் அதே உழைப்புக்கு 17 காட்டும். மார்ச்சுக்கு மேல் தெற்கிலிருந்து வீசும்போது இது தலைகீழ்: போகும்போது எதிர்க்காற்று, மதியம் கடற்காற்று எழுந்ததும் திரும்பும் வழி சற்றுச் சுலபம். ஆனால் அந்த நேரத்தில் வெயில் இருக்கிறது. எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து, கால் சுற்றுகிற எண்ணிக்கையை நிமிடத்துக்கு 80 பக்கம் வைத்து, முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்தினால் போதும். கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதிப்பவருக்கு 130-ஆவது கிலோமீட்டருக்கு மேல் முட்டி பேசும்.

முட்டுக்காடு பாலம் மாதிரி திறந்த இடங்களில் பக்கவாட்டுக் காற்று ஹேண்டிலைத் தட்டும், அங்கே இன்னொருவர் தோளோடு தோள் ஓட்டவேண்டாம். பாலங்களின் இணைப்புப் பட்டைகளில் 23, 25 மில்லிமீட்டர் டயரைக் கோணலாக ஏற்றாதீர்கள், நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ஜல்லியும் திடீர்த் திருப்பமும் இருக்கும். ஞாயிறு அதிகாலையில் இந்தச் சாலையில் வருகிற கார்கள், பெரிய பைக்குகளில் சில இரவு முழுக்கத் தூங்காமல் வருபவை. பின்விளக்கை விடிந்த பிறகும் அணைக்காதீர்கள்.

சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். 200-க்கு ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிள்தான் வேண்டும் என்பது உண்மையில்லை. ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிடில் முடித்தவர்கள் நிறையப் பேர், கியரில்லாத சைக்கிளில் முடித்தவர்களும் உண்டு. சஸ்பென்ஷன் உள்ள, கட்டை டயர் போட்ட எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) என்றால் மட்டும் முன் ஃபோர்க்கைப் பூட்டிவிட்டு, வழவழப்பான டயர் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் மூவாயிரத்தில் அது தருகிற வித்தியாசம் வேறு எந்தச் செலவும் தராது.

டயரின் காற்று பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., 28-இல் 70 முதல் 80, 32-இல் 55 முதல் 65, 35-க்கு மேல் 45 முதல் 55 போதும். பின் சக்கரத்துக்கு முன்னதைவிட ஐந்து கூட்டலாம். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது தாண்டக்கூடாத உச்ச அளவு. அந்த அளவுக்கு அடித்தே தீரவேண்டும் என்பதில்லை. 120 அடித்துக்கொண்டு வந்தவரின் கை 60-ஆவது கிலோமீட்டரிலேயே மரத்துப்போயிருக்கும்.

செயினை முந்தைய நாள் இரவே துடைத்து எண்ணெய் விட்டு, கால் மணி கழித்து வெளிப்புற எண்ணெயைத் துணியால் முழுக்க எடுத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள். வெளியே மினுங்குவது மணலைப் பிடிக்கத்தான் உதவும். செயின் தேய்ந்ததா என்று பார்க்க இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக உட்காரவேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின் பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்து போயிருக்கும். மாற்றுகிற வேலை எதுவானாலும் ஒரு வாரம் முன்பே முடித்து, குறைந்தது 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிடவேண்டும். முந்தைய நாள் மாலை சர்வீஸ் விட்டு வாங்கிய வண்டி 30-ஆவது கிலோமீட்டரில் கியர் தாவுவது மிகவும் சாதாரணமான காட்சி. புது கேபிள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், யாராக இருந்தாலும் திரும்பச் சரிசெய்துதான் ஆகவேண்டும்.

எடுத்துச்செல்ல: இரண்டு டியூப், பேட்ச் கிட், இரண்டு டயர் லீவர், கைப்பம்ப், மல்டி டூல், உங்கள் பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கைக்குப் பொருந்துகிற ஒரு குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கிற கண்ணி), நாலைந்து ஜிப் டை, கொஞ்சம் இன்சுலேஷன் டேப். இரண்டு டியூப் எதற்கு என்று கேட்பார்கள். கிராமத்துச் சைக்கிள் கடையில் '28 இன்ச்' என்று கேட்டால் அண்ணாச்சி எடுத்துத் தருவது பழைய கறுப்புச் சைக்கிளுடைய 28-க்கு ஒன்றரை டியூப். அது நம் 700சி அளவுச் சக்கரத்தின் 25, 28 மி.மீ. டயருக்குள் மடிந்துதான் போகும். அவர் பம்ப்பும் நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் சேராது. ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டால் பெட்ரோல் பங்க்கிலும் காற்றுப் பிடிக்கலாம்.

பஞ்சர் வரும் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பின் சக்கரம் என்றால் முதலில் சாலையை விட்டு நன்றாக உள்ளே வாருங்கள், நிழல் இருந்தால் நிழலுக்கு. கியரைப் பின்னால் மிகச் சின்ன பல்லுக்கு மாற்றிவிட்டு சக்கரத்தை எடுத்தால் திரும்ப மாட்டுவது சுலபம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது தவறியும் பிரேக்கை அழுத்தாதீர்கள். பிரேக் பேடுகள் நெருங்கிவிடும், பிறகு சக்கரத்தின் தட்டு (ரோட்டர்) இடையில் நுழையாது. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றினால் போதும். டியூபை வெளியே இழுக்கும்போது வால்வு எந்த இடம், டியூப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கவனியுங்கள். டயர் போடும்போதே அதன் பெயரெழுத்தை வால்வுக்கு நேராக வைத்துப் போடுகிற பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். டியூபில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்வையும் அந்த எழுத்தையும் வைத்து டயரில் அதே இடத்தைத் தேடலாம்.

ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லும். வெளிவட்டத்தில் என்றால் சாலையிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. உள்வட்டத்தில் என்றால் ரிம் டேப் (ரிம்மின் உள்பக்கப் பட்டை) நகர்ந்து ஸ்போக் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. இதற்குத்தான் இன்சுலேஷன் டேப். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்ததுபோல் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. வால்வின் அடியில் என்றால் பம்ப் அடிக்கும்போது ஆட்டிக் கிழித்தது நீங்களேதான்.

நம் ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் அதிகம் குத்துவது கண்ணாடியும் இல்லை, சீமைக்கருவேல முள்ளும் இல்லை. வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்கிற எஃகு இழை. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அரை சென்டிமீட்டர் நீளம். டயரின் ரப்பருக்குள் புதைந்து, உள்ளே ஒரு மில்லிமீட்டர் மட்டும் எட்டிப்பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் ஐந்து கிலோமீட்டரில் அடுத்த பஞ்சர். இரண்டு டியூபும் இப்படியே போனவர்கள் உண்டு. டயரின் உள்பக்கம் முழுவதும் விரல்நுனியால் மெதுவாகத் தடவுங்கள், இரண்டு திசையிலும். விரல் குத்தும் என்று பயமிருந்தால் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள், நூல் இழுபட்ட இடத்தில் கம்பி இருக்கும். எடுப்பதற்கு ஒரு சின்ன நகவெட்டி போதும்: நுனியை அதன் வாயில் கவ்வி, வெட்டாமல் இழுக்கவேண்டும்.

புது டியூபில் அதன் வடிவம் வருகிற அளவுக்கு லேசாகக் காற்றடித்து உள்ளே வையுங்கள், தட்டையாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். உடனே லீவரை எடுக்காமல், ஏற்கெனவே உள்ளே போன விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் கட்டைவிரலாலேயே ஏறிவிடும். லீவரால் ஏற்றி டியூபைக் கிள்ளிப் புது ஓட்டை போடுவதுதான் முதல் முறைக்காரர்களின் முத்திரை. காற்றடிக்குமுன் ஒரு முழுச்சுற்று, இரு பக்கமும் டயரைக் கிள்ளிப் பார்த்து டியூப் எங்கும் வெளியே தெரியவில்லையா என்று பாருங்கள். கைப்பம்பில் இருநூறு தடவைக்கு மேல் அடிக்கவேண்டியிருக்கும். வீட்டில் விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து இதை மூன்று முறை செய்து பழகியவருக்கு வழியில் 15 நிமிடம். யூடியூபில் மட்டும் பார்த்தவருக்கு 50.

சாப்பாட்டில் பிழை பெரும்பாலும் மூன்றாவது மணி நேரத்தில் நடந்து ஏழாவதில்தான் தெரியும். பசித்த பிறகு சாப்பிடுவது என்று வைத்தால் தாமதம். முதல் மணி நேரம் முடிவதற்குள் ஆரம்பித்து, 40 அல்லது 45 நிமிடத்துக்கு ஒரு தடவை சின்னதாக ஏதாவது: ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சை, அரைக் கடலை மிட்டாய், இரண்டு இட்லி. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் பக்கம் இருக்கும். மதியம் பிரியாணி, பரோட்டா வேண்டாம். எண்ணெய் அதிகமானது வயிற்றிலிருந்து நகர நேரமாகும், அதுவரை காலுக்குப் போகவேண்டிய ரத்தம் அங்கே நிற்கும். தயிர்சாதம் அருமை, ஆனால் பாதி. பக்கத்தில் ஓட்டுபவர் பேசுவதே எரிச்சலாக இருக்கிறது, எதற்காக வந்தோம் என்று வெறுப்பாக இருக்கிறது என்றால் அது மனவருத்தம் இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது. நின்று ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள், இருபது நிமிடத்தில் அந்த ஆள் நல்லவராகிவிடுவார்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், வெயிலில் இன்னும் கூட. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, வயிறு உப்பல், கை வீக்கம், குமட்டல் வரும். அதை நீர்க்குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். என்று வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற ஏறக்குறைய 21 கிராம் பாக்கெட் ஒரு முழு லிட்டருக்கானது. அதை 500 மில்லி பாட்டிலில் முழுதாகக் கொட்டிக் கலக்கினால் வயிறு கலங்கும். பாதி பாக்கெட்தான் கணக்கு. வழியில் இளநீர் கிடைத்தால் குடியுங்கள், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூடவே உப்பு போட்ட ஏதாவது வேண்டும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ், உப்பு போட்ட மோர், இரண்டுமே கடையில் விற்கிற வண்ண வண்ணப் பானங்களுக்குச் சளைத்ததல்ல.

உட்காருமிடம். பேட் வைத்த ஷார்ட்ஸ் கட்டாயம், அதற்குள் உள்ளாடை கூடாது. இதைச் சொல்ல எல்லாரும் கூச்சப்படுவதால், முதல் முறைக்காரர் ஜட்டியின் தையல் உராய்ந்து 80-ஆவது கிலோமீட்டரிலேயே நெளிய ஆரம்பிப்பார். உராய்கிற இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், கூச்சமில்லாமல் தாராளமாக. ஜெல் வைத்த மெத்தென்ற சீட் கவரை வாங்காதீர்கள். பத்து கிலோமீட்டருக்குச் சுகம், நூறுக்கு அதுவே அரிப்பு. சீட்டின் உயரத்துக்கு எளிய கணக்கு: குதிகாலைப் பெடலில் வைத்து அடிப்பக்கம் கொண்டுபோனால் கால் நேராக நீளவேண்டும், பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு வரும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் வலித்தால் உயரம். சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் சரிந்து கையில் எடை விழும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பொருந்திய உயரத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு, கடைசி இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். புது ஷூ, புது சீட், புது ஷார்ட்ஸ், மூன்றும் இந்த நாளுக்கு வேண்டாம்.

பயிற்சி பற்றிக் குறைவாகத்தான் சொல்லவேண்டும். ஆறு முதல் எட்டு வாரம், வார நாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம், வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம்: 50, 65, 80, 100, 120. கடைசி வாரம் லேசாக. 120-ஐ முடித்து மறுநாள் வேலைக்குப் போக முடிந்தவருக்கு 200 வரும். 200-க்கு முன் ஒருதடவை 200 ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. தூக்கத்தை முந்தைய நாள் இரவு நம்பாதீர்கள், பதற்றத்தில் வராது. அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள்.

விளக்கு பகல் ஓட்டத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கணக்கைப் பாருங்கள்: டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், உங்களுக்கு 7.30 வரை நேரம் இருக்கிறது. முன்விளக்கும் பின்விளக்கும் சைக்கிளில் பொருத்தியிருக்கவேண்டும். சீட் பைக்குப் பின்னால் பின்விளக்கு மறைகிறதா என்று ஒருவரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒளி எதிரொளிக்கும் மேற்சட்டையும் ஹெல்மெட்டும் இல்லாமல் கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதை வரைபடத்தின் ஃபைலை முந்தைய இரவே போனில் இறக்கி இணையமில்லாமல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருப்பங்களை ஒரு காகிதத்திலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரை எரிந்துகொண்டே இருந்தால் போன் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது, சின்ன பவர்பேங்க் வேண்டும். திருப்பத்தைத் தவறவிட்டால் எந்த இடத்தில் விலகினீர்களோ அங்கேயே திரும்ப வந்து பாதையில் சேரவேண்டும். குறுக்கு வழியில் சேர்ந்தால் செல்லாது.

நிறுத்திக்கொள்வதும் ஒரு முடிவுதான், அதற்குப் பெயர் டி.என்.எஃப். (டிட் நாட் ஃபினிஷ், அதாவது முடிக்கவில்லை). பின்னால் வந்து அள்ளிக்கொண்டு போக வண்டி இருக்காது. ஆகவே முன்பே ஒரு வழி யோசித்து வையுங்கள்: ரொக்கமாக ஆயிரம் ரூபாய், சைக்கிளோடு ஏற்றிக்கொள்கிற குட்டியானை எந்த ஊரில் கிடைக்கும், யாரைக் கூப்பிடுவது. வியர்வை திடீரென நின்று உடம்பு சில்லிட்டால், தலை சுற்றினால், நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் நேரத்தைப் பார்க்காமல் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். நின்றவுடன் நடத்துபவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள். சொல்லாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்த் தூங்கியவருக்காக இரவு பத்து மணி வரை சாலையில் தேடுபவர்களும் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள்தான்.

முடித்ததும் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் ஓட்டியும் பலனில்லை. முடிவுகள் பாரிசுக்குப் போய் அங்கீகார எண் வரச் சில வாரம் ஆகும். பதக்கம் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி வாங்கவேண்டும். நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிற ஒரே பருவத்துக்குள் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டோனியர் என்பார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் கலந்துகொள்ள அந்த வருடத்தில் இந்த நான்கும் தேவை. அதெல்லாம் பிறகு. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், குளிக்கப் போகுமுன், ஈரத்துணியால் சைக்கிளையும் துடைத்துவிட்டு செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடற்கரை உப்பும் உங்கள் வியர்வையும் சேர்ந்து அதில் படிந்திருக்கும். அப்படியே விட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கி எழுந்து போய்ப் பார்த்தால் செயின் செம்மண் நிறத்தில் இருக்கும்.